ஒரே தொட்டியில் பல ஜோடி குள்ளச் சிக்லிட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் வீட்டு நான்கடித் தொட்டியில் இப்போது ஒரு ஜோடி ராம், ஒரு ஆணும் இரண்டு பெண்ணுமாகக் காக்கட்டூ அபிஸ்டோ (இரண்டும் குள்ளச் சிக்லிட்), இருபது கார்டினல் டெட்ரா, எட்டு பென்சில் மீன் இருக்கின்றன. ஒன்றரை வருடமாக இந்தக் கூட்டம் பெரிய சேதமில்லாமல் ஓடுகிறது. இதற்கு முன்னால் இரண்டு வருடம் நான் செய்த தவறுகளில் செத்த மீன்கள் அநேகம். புதிதாகத் தொடங்குகிறவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். அந்த மீன்கள் செத்ததைப் போல இன்னும் சில சாக வேண்டியதில்லை.

குள்ளச் சிக்லிட் என்று எவற்றைச் சொல்கிறார்கள்?

சிக்லிட் குடும்பத்தில் ஆஸ்கார் மாதிரி ஒரு அடி வளர்கிற மீனும் உண்டு, இரண்டு அங்குலத்தில் நின்றுவிடுகிற மீனும் உண்டு. சுமார் பத்து சென்டிமீட்டருக்குள் அடங்குகிறவற்றைக் குள்ளம் என்கிறோம். நம் கடைகளில் அதிகம் கிடைப்பது ராம். வெனிசுவேலாவிலும் கொலம்பியாவிலும் ஒரினோகோ ஆற்றுப் படுகையில் இருக்கும் லானோஸ் புல்வெளிதான் அதன் ஊர். வளர்ந்தாலும் ஐந்து சென்டிமீட்டர்தான். அதன் உறவான பொலிவியன் ராம் கொஞ்சம் பெரிது, கொஞ்சம் குளிர்ச்சி கேட்கும். அடுத்தது அபிஸ்டோகிராமா, சுருக்கமாக 'அபிஸ்டோ'. தொண்ணூறுக்கும் மேற்பட்ட இனங்கள் பெயரிடப்பட்டிருக்கின்றன. நமக்குக் கைக்கெட்டுவது காக்கட்டூ, அகாசிசி, மக்மாஸ்டரி, பொரெல்லி ஆகிய நான்குதான். ஆப்பிரிக்காவிலிருந்து கிரிபென்சிஸ். அது நைஜீரியாவின் தென்பகுதியிலும் அதை ஒட்டிய கேமரூனிலும் வாழும் ஆற்று மீன். 'கிரிப்' என்று சுருக்கமாகச் சொல்வார்கள்.

ஒரே தொட்டியில் ஒரு ஜோடிக்கு மேல் வைக்க முடியுமா?

முடியும். ஆனால் சும்மா நீந்தும் மீனைச் சேர்ப்பது மாதிரி இல்லை இது. முட்டை வைக்காத நாளில் ராம் ரொம்ப சாதுவான மீன். முட்டை வைத்த அன்று அதே மீன் தன்னைவிட நான்கு மடங்கு பெரிய மீனையும் துரத்தும். ஆகவே மீன்கள் இப்போது எப்படி இருக்கின்றன என்பதை வைத்து முடிவெடுக்காதீர்கள். இரண்டு ஜோடியும் ஒரே வாரத்தில் முட்டை வைத்தால் தொட்டி தாங்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அந்த வாரம் நிச்சயம் வரும்.

எத்தனை லிட்டருக்கு எத்தனை ஜோடி?

லிட்டர் கணக்கை விடுங்கள். குள்ளச் சிக்லிட்டுக்குத் தரைதான் சொத்து. இரண்டடி உயரத் தொட்டியில் மேலே இருக்கும் ஒன்றரை அடித் தண்ணீர் அதற்குக் கணக்கிலேயே கிடையாது. தொட்டியின் நீளத்தையும் அகலத்தையும் பாருங்கள்.

என் தொட்டிகளில் பார்த்த வரையில், முட்டை காக்கும் ஒரு ராம் ஜோடி ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி தரையைத் தன்னுடையது என்கிறது. குஞ்சு வைத்திருக்கும் காக்கட்டூ பெண் தன் பொந்தைச் சுற்றி ஒரு அடி வட்டத்துக்குள் யாரையும் விடாது. அதன் ஆணோ எல்லாப் பெண்களின் எல்லையையும் சுற்றி வரும். இதை வைத்துத் தரையில் சாக்பீஸால் கட்டம் போட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடும். இரண்டடிக்கு ஒரு அடி தொட்டி என்றால் ஒரு ஜோடி. மூன்றடிக்கு ஒன்றரை அடி என்றால், குணம் வேறு வேறான இரண்டு இனத்தில் ஒவ்வொரு ஜோடி; அதுவும் நெருக்கம்தான். நான்கடிக்கு ஒன்றரை அடி என்றால் இரண்டு இனம் நிம்மதியாக இருக்கும். மூன்றாவது இனத்துக்கு ஆசைப்படுகிறவர்கள் ஐந்தடி, ஆறடித் தொட்டிக்குப் போவதுதான் நியாயம்.

இரண்டடித் தொட்டியில் மூன்று ஜோடி பிரச்சினையில்லாமல் ஓடுகிறது என்று யாராவது சொன்னால், அந்த மீன்கள் எத்தனை மாதமாக அங்கே இருக்கின்றன என்று கேளுங்கள். குஞ்சுத் தொட்டியிலிருந்து வந்த இளம் மீன்கள் நான்கைந்து மாதம் எல்லை எதுவும் பார்க்காது.

எந்த இனத்தோடு எந்த இனம் ஒத்துப்போகும்?

முட்டை வைக்கும் விதம் வேறாக இருக்கட்டும், சாயல் வேறாக இருக்கட்டும். நான் நம்புவது இந்த இரண்டைத்தான்.

ராம் திறந்த வெளியில், தட்டையான கல்லின் மேல் முட்டை வைக்கும். அபிஸ்டோ பொந்துக்குள் கூரையில் தலைகீழாக ஒட்டி வைக்கும். ஒன்றுக்கு வேண்டிய இடம் மற்றதற்கு வேண்டாம் என்பதால் ராமும் காக்கட்டூவும் ஒரு தொட்டியில் குடித்தனம் நடத்த முடிகிறது. கிரிபும் அபிஸ்டோவும் இரண்டுமே பொந்து தேடுபவை. கிரிப் ஆண் பத்து சென்டிமீட்டர் வரை வளரும், குஞ்சு வந்துவிட்டால் ஜோடியாகச் சேர்ந்து அரைத் தொட்டியைக் காலி செய்யும். நான்கடித் தொட்டியில் கிரிப் வைத்தால் வேறு குள்ளச் சிக்லிட் வேண்டாம் என்பது என் முடிவு. நான் ஒரு முறை வைத்துப் பார்த்தேன். ஒரு வாரம் ஊருக்குப் போய்த் திரும்பியபோது அகாசிசி ஆண் வால் முழுக்கக் கிழிந்து ஃபில்டர் குழாயின் பின்னால் செங்குத்தாக நின்றிருந்தது. மறுநாள் போய்விட்டது.

இரண்டு அபிஸ்டோ இனங்களை ஒன்றாக வைக்கவே வைக்காதீர்கள். ஆண்களைப் பார்த்தால் காக்கட்டூவும் மக்மாஸ்டரியும் வேறு வேறு என்று குழந்தைகூடச் சொல்லும். பெண்கள் அப்படி இல்லை. குஞ்சு காக்கும்போது எல்லாமே மஞ்சளும் கறுப்புமாக மாறிவிடும். ஆண் எந்தப் பெண்ணையும் தேடிப் போகும், கலப்புக் குஞ்சு பிறக்கக்கூடும். அந்தக் குஞ்சுகளை நாலு பேருக்குக் கொடுத்தால் சுத்தமான இனம் நாலு வீட்டில் கெட்டுப்போகும். ராமையும் பொலிவியன் ராமையும் சேர்ப்பதும் தலைவலிதான். ஒன்றுக்குச் சூடு வேண்டும், மற்றதற்கு வேண்டாம்.

ஒரே இனத்தில் இரண்டு ஜோடி வைக்கலாமா?

காக்கட்டூவுக்கு 'ஜோடி' என்ற சொல்லே சரியில்லை. ஒரு ஆண், இரண்டு மூன்று பெண் என்பதுதான் அதன் குடும்பம். இரண்டாவது ஆண் வேண்டாம். ஒரு ஆணோடு இரண்டு பெண் விட்டு, இரண்டு பெண்ணுக்கும் தனித்தனிப் பொந்து, இடையில் ஒரு மறைப்பு வைத்தால் போதும்.

ராமில் முடியும், ஆனால் நான்கடிக்குக் குறைவாக வேண்டாம். இரண்டு ஆண்களும் பக்கவாட்டில் நின்று துடுப்பை விரித்துக் காட்டும், வாயைத் திறந்து முன்னுக்குப் பின் நகரும். இதெல்லாம் பெரும்பாலும் வேடிக்கைதான். இரண்டும் சம பலமாக இருக்கும்வரை நிலைமை நிற்கும். ஒன்று இளைத்துவிட்டால் அன்றே அதை எடுத்துவிடுங்கள்.

கடையில் ஜோடி என்றுதான் கொடுத்தார்கள். வீட்டில் அடித்துக்கொள்கின்றனவே?

கடைக்காரர் ஒரு ஆணையும் ஒரு பெண்ணையும் கவரில் போட்டுக் கொடுத்திருப்பார். மீன்களுக்குள் அப்படி ஒரு சம்மதம் நடந்திருக்காது. ராம் தன் துணையைத் தானே தேர்ந்தெடுக்கும் மீன். நீங்கள் தேர்ந்தெடுத்துக் கொடுத்தால் பாதிக்குப் பாதிதான் ஏற்கும்.

இன்னொரு சாத்தியம், இரண்டுமே ஆணாக இருப்பது. ராமில் பெண்ணின் வயிறு ரோஜா நிறத்தில் சிவந்திருக்கும். உடல் நடுவில் உள்ள கறுப்புப் பொட்டுக்குள் பெண்ணுக்கு நீலப் புள்ளிகள் மின்னும், ஆணுக்குப் பொட்டு வெறும் கறுப்பாக இருக்கும். முதுகுத் துடுப்பின் முன்முட்கள் ஆணுக்கு நீண்டிருக்கும். தங்க நிற ராமிலும் முழு நீல ராமிலும் இந்தப் பொட்டே தெரியாது என்பதால் வயிற்றையும் முன்முட்களையும்தான் நம்ப வேண்டும். அபிஸ்டோவில் வேறொரு சங்கடம். பெரிய ஆண் இருக்கும் தொட்டியில் சின்ன ஆண்கள் நிறத்தை மறைத்துப் பெண் மாதிரியே திரியும். பெண் என்று வாங்கி வந்து, இரண்டு மாதம் கழித்து அதற்கு வால் நீள்வதைப் பார்த்தவர்களில் நானும் ஒருவன்.

ஆகவே ஐந்தாறு இளம் மீன்களை ஒன்றாக வாங்கி வளர்ப்பதுதான் நல்ல வழி. மூன்று நான்கு மாதத்தில் இரண்டு மீன் மட்டும் எப்போதும் அருகருகே நிற்பதும், மற்றவை வந்தால் சேர்ந்து விரட்டுவதும் தெரியும். அதுதான் ஜோடி. மீதியைக் கடைக்கோ நண்பர்களுக்கோ கொடுத்துவிடலாம். செலவு கூடுதல்தான். ஆனால் ஒத்துப்போகாத ஜோடியில் பெண் செத்து, இன்னொரு பெண் வாங்கி, அதுவும் செத்து என்று போகும் செலவைவிடக் குறைவு.

தொட்டியை எப்படி அடுக்குவது?

இந்த வேலைக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். எந்த மீன் வாங்குகிறீர்கள் என்பதைவிட இது முக்கியம் என்று இப்போது நம்புகிறேன்.

மீன் தரையோடு தரையாக நின்று பார்த்தால் தொட்டியின் மறுமுனை தெரியக் கூடாது. நாம் எதிரே உட்கார்ந்து பார்க்கும் காட்சி வேறு. குனிந்து, கண்ணைக் கண்ணாடியின் பக்கவாட்டில் மணல் மட்டத்துக்கு வைத்து, நீளவாக்கில் பாருங்கள். எதிர்ப்பக்கக் கண்ணாடி தெரிந்தால் நடுவில் இன்னும் ஏதாவது வைக்க வேண்டும். என் தொட்டியில் நடுவே ஒரு பெரிய மரவேர், அதைச் சுற்றி அனுபியாஸ் செடி, பின்னால் தண்ணீர் மட்டம் வரை வாலிஸ்நேரியா செடி. இது ஒரு சுவர் மாதிரி. இடப்பக்கம் அபிஸ்டோவுக்கு, வலப்பக்கம் ராமுக்கு.

இடப்பக்கம் கொட்டாங்குச்சிகள் கவிழ்த்து வைத்திருக்கிறேன். நாரை நன்றாகச் சுரண்டி, ஒரு மணி நேரம் கொதிக்கவைத்து, தண்ணீரில் நிறம் இறங்குவது குறையும்வரை ஊறப்போட்டு, ஓரத்தில் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஒரு வாசல் வெட்டினால் போதும். பெண் நுழையலாம், ஆண் நுழையச் சிரமப்பட வேண்டும். வாசல் அளவு அப்படி இருக்கட்டும். பெண் எண்ணிக்கையைவிட ஒரு பொந்து அதிகமாக வையுங்கள். வாசல்கள் ஒன்றையொன்று பார்க்கக் கூடாது. எதிரெதிர் வாசல் வைத்தால் இரண்டு பெண்களும் நாள் முழுக்க வாசலில் நின்று முறைத்துக்கொண்டே இருக்கும், சாப்பிடவும் வராது.

வலப்பக்கம் திறந்த மணல், அதில் உள்ளங்கை அளவில் இரண்டு தட்டைக் கற்கள். கல் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. வீட்டில் அலமாரிக்குப் போட்டு மீந்த கடப்பா கல் பார்க்க அழகாக, கறுப்பாக, தட்டையாக இருக்கும். அது சுண்ணாம்புக் கல். தண்ணீரின் கடினத்தை மெல்ல மெல்ல ஏற்றிவிடும். எந்தக் கல்லானாலும் ஒரு சொட்டு வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்தால் வேண்டாம். கிரானைட் துண்டு நல்லது.

மணல் மெல்லியதாக இருக்க வேண்டும். இந்த மீன்கள் மணலை வாயில் அள்ளிச் செவுள் வழியாக வடித்துத் தீனி தேடுபவை. எம்-சாண்ட் முனை கூராக இருப்பதால் வேண்டாம். சலித்துக் கழுவிய ஆற்று மணல் போதும். தரையில் நாலைந்து காய்ந்த பாதாம் இலை போடுங்கள். நான் சொல்வது தெருவோரம் குடை மாதிரி நிற்கும் நாட்டு பாதாம் மரத்தின் இலை. தானாக உதிர்ந்து பழுப்பானதாக, பூச்சிமருந்து படாததாக இருக்கட்டும். தண்ணீர் தேநீர் நிறத்துக்கு வரும். குஞ்சுகள் அந்த இலையின் மேல் படியும் நுண்ணுயிர்களை மேய்ந்தே முதல் சில நாளை ஓட்டும்.

எங்கள் வீட்டுத் தண்ணீர் போர் தண்ணீர். வளர்க்க முடியுமா?

முதலில் டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) மீட்டர் ஒன்று வாங்கி அளந்து பாருங்கள். சென்னையில் சில தெருக்களில் போர் தண்ணீர் ஆயிரத்தைத் தாண்டுகிறது. லானோஸ் ஓடைத் தண்ணீர் கிட்டத்தட்ட மழைநீர் மாதிரி, கரைந்த உப்பே இல்லாதது. பண்ணையில் தலைமுறை தலைமுறையாக வளர்ந்த காக்கட்டூ நடுத்தரமான தண்ணீரையும் ஏற்றுக்கொள்ளும். ராம் அவ்வளவு பொறுக்காது. உயிரோடு இருந்தாலும் முட்டை பூஞ்சை பிடித்து வெளுத்துப்போகும்.

நான் ஆர்.ஓ. தண்ணீரில் நாலில் ஒரு பங்கு குழாய்த் தண்ணீர் கலந்து, டிடிஎஸ் 120-லிருந்து 150-க்குள், பி.எச். (அமில-காரத் தன்மையின் அளவு) ஆறரையை ஒட்டி வைக்கிறேன். வெறும் ஆர்.ஓ. தண்ணீர் வேண்டாம், அதில் பி.எச். நிலையாக நிற்காது. ஐப்பசி, கார்த்திகையில் பிடித்து வைக்கும் மழைநீர் இதற்கு அருமையான தண்ணீர். முதல் இரண்டு மழையை விட்டுவிட்டு மூன்றாவதிலிருந்து பிடியுங்கள். வாரம் கால் பங்கு தண்ணீர் மாற்றுவது போதும். புதுத் தொட்டியில் ராம் விடாதீர்கள். டெட்ராக்களோடு இரண்டு மாதம் ஓடி, மீன் கழிவிலிருந்து வரும் நச்சுகளான அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்தில் நின்ற பிறகுதான் ராம். அவசரப்பட்டவர்கள் கையில் இந்த மீன் ஒரு வாரத்தில் செத்து, 'ராம் வளர்க்கவே முடியாத மீன்' என்று பெயர் வாங்கியிருக்கிறது.

கோடை வெயிலைத் தாங்குமா? கரண்ட் போனால்?

ராமுக்கு 27-லிருந்து 30 டிகிரி செல்சியஸ் பிடிக்கும், எனவே நம் வெயில் அதற்குப் பெரிய தண்டனை இல்லை. காக்கட்டூவுக்கு 24-லிருந்து 28. இரண்டும் சேர்ந்து இருக்க 27-28 என்று வைத்துக்கொள்ளுங்கள். மே மாதத்தில் தொட்டித் தண்ணீர் 32-ஐத் தொடும்போது தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்துவிடும். மூடியைத் திறந்து, நீர்ப்பரப்பின் மேல் ஒரு சின்ன ஃபேன் வீசவிட்டால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஆவியாகும் தண்ணீரை ஆர்.ஓ. தண்ணீரால் நிரப்புங்கள். மார்கழியில் இதற்கு நேர் எதிர். இரவில் 24-க்கு இறங்கினால் ராமுக்கு வெண்புள்ளி நோய் வரலாம். ஹீட்டர் கண்டிப்பாக வேண்டும். கரண்ட் போகும் ஊராக இருந்தால் பேட்டரியில் ஓடும் ஏர் பம்பும் ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டரும் வைத்துக்கொள்ளுங்கள்.

கூட வேறு என்ன மீன் விடலாம்?

மேல்மட்டத்திலும் நடுமட்டத்திலும் திரியும் சின்ன வாய் மீன்கள். பென்சில் மீன், கார்டினல் டெட்ரா, எம்பர் டெட்ரா, ரம்மிநோஸ் டெட்ரா. இவை அழகுக்கு மட்டும் அல்ல. தலைக்கு மேலே ஒரு கூட்டம் கவலையில்லாமல் நீந்திக்கொண்டிருந்தால் சிக்லிட்டுக்கு ஆபத்து எதுவும் இல்லை என்று புரிகிறது, வெளியே வருகிறது. டெட்ரா இல்லாத தொட்டியில் என் காக்கட்டூக்கள் மூன்று வாரம் கொட்டாங்குச்சியை விட்டு வரவேயில்லை. பதினைந்து கார்டினல் விட்ட மறுநாள் மாலை எல்லாம் முன்னால் நின்றன.

வேண்டாதவை: துடுப்பைக் கடிக்கும் டைகர் பார்ப், வளர்ந்த ஏஞ்சல், செர்ரி இறால். செர்ரி இறாலின் குஞ்சு அபிஸ்டோவுக்கு மிக்சர் மாதிரி.

தரையில் மேயும் சின்னக் கெளுத்தியான கோரிடோரஸ் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எல்லோரும் அதைச் சமாதானமான மீன் என்று சேர்க்கிறார்கள். சமாதானமான மீன்தான். ஆனால் அதற்குச் சிக்லிட்டின் பாஷை தெரியாது. பெண் மஞ்சளாகி, துடுப்பை விரித்து, உடலை வளைத்து எச்சரித்தால் டெட்ரா திரும்பிப் போய்விடும். கோரிடோரஸ் மீசையால் மணலைத் தடவிக்கொண்டு நேராகப் பொந்துக்குள் போகும். கடித்தாலும் கவசம் இருப்பதால் விலகாது. மறுபடி வரும், மறுபடி கடிபடும். என் பழைய தொட்டியில் ஒரு கோரிடோரஸுக்கு ஒரு கண் போனது. அன்றே ஆறையும் வேறு தொட்டிக்கு மாற்றினேன். இரவில் சிக்லிட் பார்வை மங்கியிருக்கும்போது கோரிடோரஸும், கண்ணாடியில் ஒட்டி மேயும் பிளெகோவும் முட்டையைத் துடைத்துத் தின்றுவிடும். ஆறடித் தொட்டி என்றால் யோசிக்கலாம். அதற்குக் கீழே வேண்டாம்.

மீன்களை எந்த வரிசையில் விடுவது?

டெட்ரா முதலில். இரண்டு சிக்லிட் இனங்களையும் முடிந்தவரை ஒரே நாளில். முடியாவிட்டால் சாதுவானதை முதலில் விடுங்கள். ஏற்கெனவே எல்லை பிடித்துவிட்ட தொட்டியில் புது மீன் விடும்போது கல், கொட்டாங்குச்சி எல்லாவற்றையும் இடம் மாற்றி, விளக்கை அணைத்துவிட்டு விடுங்கள். பழைய மீனுக்கும் அது புது வீடாகிவிடும்.

முட்டை வைத்துவிட்டது. இப்போது என்ன செய்ய?

கையைத் தொட்டிக்குள் விடாமல் இருப்பதுதான் முதல் வேலை.

காக்கட்டூ பெண் முந்தைய நாள் வரை மங்கலான பழுப்பாக இருக்கும். ஒரு காலையில் விளக்கைப் போட்டால் எலுமிச்சை மஞ்சளில், கறுப்பு மையால் கோடு இழுத்தது போலக் கண்ணிலும் பக்கத்திலும் பட்டையோடு, பொந்து வாசலில் தலையை மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். தன்னைவிடப் பெரிய கணவன் வந்தால்கூட முட்டி அனுப்பும். உள்ளே கூரையில் அறுபது எண்பது செந்நிற முட்டைகள். மூன்று நான்கு நாளில் பொரியும். இன்னும் ஐந்தாறு நாள் குஞ்சுகள் பொந்திலேயே நெளிந்துகொண்டிருக்கும். பத்தாம் நாள் வாக்கில் அம்மா கூட்டத்தை வெளியே கூட்டி வரும்.

அந்த முதல் நடையை நாற்காலி போட்டு உட்கார்ந்து பாருங்கள். அம்மா முன்னால் ஒரு இலைக்கு நகர்ந்து நிற்கும். வயிற்றுத் துடுப்பை இரண்டு மூன்று முறை வெடுக்கென்று அசைக்கும். குஞ்சுகள் எல்லாம் தரையோடு ஒட்டி அசையாமல் கிடக்கும்; மணல் எது குஞ்சு எது என்று நமக்குத் தெரியாது. ஆபத்துப் போனதும் உடலை மெல்ல ஆட்டும், தரை முழுக்க உயிர் வந்தது மாதிரி கூட்டம் எழுந்து பின்னால் போகும். ஒதுங்கிப் போன குஞ்சை வாயில் கவ்வி, கூட்டத்துக்கு நடுவில் துப்பும். நான் இதை எத்தனையோ முறை பார்த்துவிட்டேன், இன்னும் எழுந்து போக மனம் வருவதில்லை.

குஞ்சுகளின் உணவுக்கு அப்போதுதான் பொரித்த ஆர்டீமியா என்ற நுண்ணிய உப்புநீர் இறால். உப்புத் தண்ணீரில் ஆர்டீமியா முட்டையைப் போட்டு ஏர் விட்டால் ஒரு நாளில் பொரிந்துவிடும். ஒரு பிப்பெட்டில் எடுத்து, கூட்டம் நிற்கும் இடத்துக்கு அருகில் மெதுவாக விடுங்கள். இலேசான செந்நிற வயிறு தெரிந்தால் சாப்பிட்டிருக்கிறது என்று அர்த்தம். ராம் குஞ்சு இன்னும் சிறியது, முதல் மூன்று நான்கு நாள் ஆர்டீமியா அதன் வாய்க்குப் பெரிது. இன்ஃபுசோரியா என்ற நுண்ணுயிர்த் தீனி தயாராக இருக்க வேண்டும். இரவில் மங்கலாக ஒரு சின்ன நீல விளக்கு எரியவிடுங்கள், பெற்றோர் காவல் காக்க அது உதவும்.

பெரிய மீன்களுக்குத் தினமும் இரண்டு முறை குறைவாக: உறைந்த ரத்தப்புழு, ஆர்டீமியா, மூழ்கும் சின்னக் குருணைத் தீனி. சுத்தமான தண்ணீரில் வளர்த்த கொசுப்புழு கிடைத்தால் அதற்கு ஈடு இல்லை. சாக்கடையிலிருந்து வரும் டியூபிஃபெக்ஸ் புழுவை நான் நிறுத்திவிட்டேன்.

ராம் ஒவ்வொரு முறையும் முட்டையைத் தின்றுவிடுகிறதே?

இளம் ஜோடிகள் முதல் மூன்று நான்கு முறை தின்னும். அதற்குள் மனம் தளர்ந்துவிடாதீர்கள். அதற்கு மேலும் தின்றால் முட்டை வெளுத்திருக்கிறதா என்று பாருங்கள். கருவுறாத முட்டையைத்தான் தின்னுகின்றன என்றால் பெரும்பாலும் தண்ணீரின் கடினம்தான் காரணம். அதுவும் சரியென்றால் சுற்றிலும் தொந்தரவு அதிகம் என்று பொருள். முட்டை வைக்கும் கல், வீட்டில் ஆட்கள் நடமாடும் பக்கம் இருந்தால் உள்ளே தள்ளி வையுங்கள். பண்ணைகளில் முட்டையைப் பெற்றோரிடமிருந்து எடுத்துச் செயற்கையாகப் பொரித்த தலைமுறைகளுக்குக் காவல் குணம் குறைந்துவிட்டது என்று பல வளர்ப்பவர்கள் நம்புகிறார்கள். எனக்கும் அப்படித்தான் படுகிறது. பெற்றோரே வளர்த்த குஞ்சுகளை வாங்கிய பிறகுதான் எனக்கு ராம் குஞ்சு கிடைத்தது.

குஞ்சுகள் எல்லாம் ஆணாகவே வருகின்றன. ஏன்?

வெப்பம். 1996-இல் உவே ரோமரும் பெய்சன்ஹெர்ஸும் பல அபிஸ்டோ இனங்களை வெவ்வேறு வெப்பத்தில் வளர்த்துப் பார்த்து வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. குஞ்சுப் பருவத்தின் முதல் சில வாரங்களில் தண்ணீர் சூடாக இருந்தால் ஆண் அதிகம், குளிர்ச்சியாக இருந்தால் பெண் அதிகம். நம் ஊரில் சித்திரை, வைகாசியில் பொரிந்தவை கிட்டத்தட்ட ஆண் படையாகவே வளர்வதற்கு இதுதான் காரணம். பெண் வேண்டும் என்றால் மார்கழி, தையில் 25-26 டிகிரியில் அபிஸ்டோவைத் தனித் தொட்டியில் வைத்து முட்டை எடுங்கள். கிரிபில் பி.எச். இந்த வேலையைச் செய்கிறது: அமிலத் தன்மை கூடினால் ஆண் கூடும்.

சண்டையில் எப்போது தலையிட வேண்டும்?

துரத்துவதும் துடுப்பு விரிப்பதும் சண்டை அல்ல, பேச்சு. துரத்தப்பட்ட மீன் தப்பித்து ஒளிந்து, ஐந்து நிமிடத்தில் வெளியே வந்து சாப்பிட்டால் விட்டுவிடுங்கள். ஒரு மீன் நிறம் வெளுத்து, துடுப்பை மடக்கி, மேல் மூலையில் ஹீட்டர் அருகே நின்று, தீனிக்கும் இறங்கவில்லை என்றால் நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளாதீர்கள். அன்று இரவே எடுத்துவிடுங்கள். இதற்காகவே பத்திருபது லிட்டர் தொட்டி ஒன்று, ஓடிக்கொண்டிருக்கும் ஸ்பாஞ்ச் ஃபில்டரோடு, எப்போதும் தயாராக இருக்க வேண்டும். குஞ்சு வந்த பிறகு அபிஸ்டோ பெண் ஆணை அடிப்பது வழக்கம். ஆணுக்குத் தொட்டியின் மறுபாதியில் ஒதுங்க இடம் இருந்தால் பிழைத்துக்கொள்ளும்.

ஆர்.ஓ. எல்லாம் என்னால் முடியாது. வேறு வழி?

அப்படியானால் நம் ஊர் சிக்லிட்டைப் பாருங்கள். இந்தியாவிலும் இலங்கையிலும் கழிமுகங்களிலும் காயல்களிலும் வாழும் ஆரஞ்சு குரோமைட். நம் கடலோரத்தில் செல்லக்காசு, கேரளத்தில் பள்ளத்தி. எட்டு சென்டிமீட்டர் அளவில் நிற்கும் பொன்மஞ்சள் மீன். கடினமான தண்ணீர், இலேசான உப்பு இரண்டும் அதற்கு இஷ்டம். குஞ்சுகள் பெற்றோரின் உடம்பில் ஊறும் கோழையை உரசி உரசித் தின்று வளரும், அப்பா அம்மா இரண்டும் அசையாமல் நின்று கொடுக்கும். ராமோடோ அபிஸ்டோவோடோ சேர்க்காதீர்கள், தண்ணீர் ஒத்துவராது. நான்கடித் தொட்டியில் எட்டுச் செல்லக்காசு விட்டால் அவற்றுக்குள்ளேயே இரண்டு மூன்று ஜோடி சேர்ந்து பாத்தி பிரித்துக்கொள்ளும்.

வளர்ந்த குஞ்சுகளை எப்போது பிரிப்பது?

பெற்றோரே சொல்லிவிடும். ஐந்தாறு வாரத்தில் அம்மா குஞ்சுகளை அருகே சேர்க்காமல் முட்டத் தொடங்கினால் அடுத்த முட்டைக்குத் தயார் என்று அர்த்தம். ஒரு சென்டிமீட்டர் தாண்டிய குஞ்சுகளை அதே தொட்டித் தண்ணீரில் நிரப்பிய வளர்ப்புத் தொட்டிக்கு மாற்றுங்கள். வலையில் பிடித்தால் துடுப்பு மாட்டிக்கொள்ளும். இரவில் விளக்கு அணைந்து அரை மணி கழித்துக் குழாயால் உறிஞ்சி எடுப்பது சுலபம், இலையோடு சேர்ந்து வந்துவிடும். மூன்று மாதத்தில் கொடுக்கும் அளவு வந்துவிடும். பெற்றோர் எந்தப் பண்ணை, எந்தத் தண்ணீர், எத்தனை டிடிஎஸ் என்று ஒரு சீட்டில் எழுதிக் கவரோடு ஒட்டிக் கொடுங்கள். யாரும் வாங்கவில்லை என்றாலும் ஏரியிலோ கிணற்றிலோ விட்டுவிடாதீர்கள். அது அந்த மீனின் ஊரும் இல்லை. பெற்றோர் தொட்டியிலேயே சில குஞ்சுகளை விட்டுவைத்தால் டெட்ராக்களும் சிக்லிட்டுகளுமே எண்ணிக்கையைப் பார்த்துக்கொள்ளும். இலைக்கடியில் பிழைத்து, ஆறாவது மாதம் திடீரென்று முன்னால் வந்து நிற்கும் ஒன்றிரண்டை நான் வைத்துக்கொள்கிறேன்.